கேஸே இல்லாத டாக்டருக்கும் ஏன் பிரீமியம் ஏறுகிறது?

மார்ச் கடைசி வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரே கேள்விக்காகத்தான். "என்ன சார், போன வருஷத்தைவிட ஏறியிருக்கு? என் பேர்ல ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லையே." மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டாக்டர்களுக்கு புரொஃபஷனல் இன்டெம்னிட்டி பாலிசி (வைத்தியத்தில் தப்பு என்று கேஸ் வந்தால் ஈட்டுத் தொகையையும் வக்கீல் செலவையும் ஏற்கும் காப்பீடு) போட்டுக் கொடுப்பதுதான் 18 வருஷமாக என் தொழில். கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. தொகையைக் குறைக்கிறேன் என்று இறங்கி, தொடவே கூடாத இடத்தில் கை வைத்துவிட்ட டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்பெனி முதலில் பார்ப்பது நீங்கள் செய்யும் வேலையை. கத்தி எடுக்காத பொது மருத்துவருக்குக் குறைவு, அறுவை சிகிச்சை செய்கிறவர்களுக்குக் கூடுதல், மயக்க மருந்து டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் பெரும்பாலும் மேல்தட்டில். மயக்க மருந்து டாக்டர்களுக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. "ராத்திரி பகல் பாராம நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடறேன், சர்ஜன் வாங்குற ஃபீஸ்ல எனக்குக் கால்வாசிகூட வராது, பிரீமியம் மட்டும் எனக்கு அதிகமா?" என்பார்கள். கம்பெனி உங்கள் ஃபீஸைப் பார்த்து வகை பிரிப்பதில்லை, தப்பு நடந்தால் அது எவ்வளவு பெரிய தப்பாக இருக்கும் என்று பார்க்கிறது. மூளைக்குச் சில நிமிடம் ஆக்ஸிஜன் போகாவிட்டால் அதற்கப்புறம் திருத்த வழியில்லை. அமெரிக்காவில் இதே துறைக்குத்தான் 1980களில் பிரீமியம் எக்கச்சக்கமாக இருந்தது. 1986இல் அங்குள்ள மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் ஒவ்வொரு நோயாளியையும் எப்படித் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று விதிமுறை கொண்டுவந்தது, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லா தியேட்டருக்குள்ளும் வந்தது, விபத்துகள் குறைந்தன, பின்னாலேயே பிரீமியமும் இறங்கியது. நோயாளிக்கு நல்லது செய்து பிரீமியத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, நீதிமன்றங்கள் கொடுக்கும் ஈட்டுத் தொகை. உங்கள் பேரில் கேஸ் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்களைப் போன்ற எல்லா டாக்டர்களையும் சேர்த்துத்தான் கம்பெனி கணக்குப் போடுகிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2009இல், ஐதராபாத்தில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ஒரு பொறியியல் மாணவருக்கு 1 கோடி. 2013இல், கொல்கத்தா மருத்துவமனையின் தவறான சிகிச்சையால் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில் 5.96 கோடி, அதற்கு மேல் வட்டி.

இதையெல்லாம்விட நான் டாக்டர்களிடம் அடிக்கடி சொல்வது நம் எழும்பூர் வழக்கு. 1996இல் அரசு மருத்துவமனையில் 29வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது, எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ஒரு நோய் வரும், குறிப்பிட்ட வாரங்களுக்குள் பார்த்துவிட்டால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அந்தப் பரிசோதனையைச் செய்யவும் இல்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். உச்ச நீதிமன்றம் 2015இல் அதுவரை ஆன செலவு, இனி வாழ்நாள் முழுக்க ஆகப்போகும் செலவு என்று தனித்தனியாகக் கணக்குப் பார்த்து சுமார் 1 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது. பிறந்தது 1996, தீர்ப்பு 2015. இன்று நீங்கள் கட்டும் பிரீமியத்துக்கு, கம்பெனி 19 வருஷம் கழித்து, அன்றைய விலைவாசியில் பணம் எண்ணி வைக்க வேண்டி வரலாம். பிரசவமும் பச்சிளங்குழந்தை மருத்துவமும் பார்க்கிறவர்களுக்கு ஏன் அதிகம் என்று கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் காட்டுவேன். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வழக்குப் போடுவதும் இப்போது எளிது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதை அவர் கேட்கும் தொகையை வைத்து முடிவு செய்வதில்லை, அவர் கட்டிய கட்டணத்தை வைத்துத்தான். 40,000 ரூபாய் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர் 1 கோடி கேட்டு மாவட்ட ஆணையத்துக்கே போகலாம், அதற்கு மனுக் கட்டணமும் கிடையாது.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? காப்புத் தொகையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, வருஷம் முழுக்கச் சேர்த்து எவ்வளவு. 50 லட்சம், 1 கோடி என்று போட்டிருந்தால் விகிதம் 1:2. ஒரே தொகையை 1:1இல் வாங்கினால் ஒரு பெரிய கேஸிலேயே அந்த வருஷத்துக் காப்பு மொத்தமும் தீரலாம், 1:4க்குப் போனால் பிரீமியம் கூடும். வக்கீல் செலவும் பெரும்பாலும் இதே தொகைக்குள்தான் அடக்கம், அதை மறந்துவிட்டுத் தொகையைச் சுருக்காதீர்கள். முதல் கொஞ்சத் தொகையை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சில கம்பெனிகள் தள்ளுபடி தரும், சேமிப்பு உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. அப்புறம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரியை எடுத்தபோது எனக்கு நிறைய போன் வந்தது. அந்தச் சலுகை இந்த பாலிசிக்குக் கிடையாது, 18 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது.

தொடவே கூடாது என்று சொன்னேனே, அது ரெட்ரோ டேட், அதாவது எந்தத் தேதிக்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்குக் காப்பு உண்டு என்று பாலிசியில் போடும் தேதி. கார் இன்ஷூரன்ஸ் மாதிரி, சம்பவம் நடந்த அன்று பாலிசி இருந்தால் போதும் என்றுதான் முக்கால்வாசி டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நோட்டீஸ் வருகிற அன்று பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், சம்பவம் அந்த பாலிசியில் போட்டிருக்கும் ரெட்ரோ டேட்டுக்குப் பிறகு நடந்திருக்கவும் வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் பணம்.

பக்கத்து ஊர் எலும்பு டாக்டர் ஒருவர், 7 வருஷம் ஒரே கம்பெனியில் விடாமல் கட்டியவர். யாரோ 4,000 ரூபாய் குறைவாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல, ஏப்ரலில் கம்பெனியை மாற்றிவிட்டார். புது பாலிசியில் ரெட்ரோ டேட் என்ற இடத்தில் அந்த ஏப்ரல் தேதியே விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. முந்தைய நவம்பரில் செய்த ஒரு முழங்கால் ஆபரேஷனுக்காக செப்டம்பரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பழைய கம்பெனி, எங்களிடம் பாலிசி இருந்தபோது நோட்டீஸ் வரவில்லை என்றது. புதுக் கம்பெனி, சம்பவம் ரெட்ரோ டேட்டுக்கு முன்னால் நடந்தது என்றது. பாலிசி வாசகப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. 8 வருஷம் பிரீமியம் கட்டிய மனிதர், வக்கீல் ஃபீஸ் முதல் ஈட்டுத் தொகை வரை எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் கொடுத்தார். இரண்டு பாலிசியையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. கம்பெனி மாற்றுவது தப்பில்லை. இடைவெளி விடாத பழைய பாலிசி நகல்களைக் கொடுத்து, பழைய ரெட்ரோ டேட்டையே எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, புரபோசல் ஃபார்ம், அதாவது பாலிசி கேட்டு நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவம். அதில் உண்மையைக் குறைத்து எழுதினால் பிரீமியம் நிச்சயம் குறையும், கிளெய்ம் வரும்போது பாலிசியே நிற்காமல் போகலாம். எண்டோஸ்கோப்பி செய்துகொண்டே "பொது மருத்துவர்" என்று மட்டும் எழுதுவது, தோல் கிளினிக்கில் முடி நடுவதைச் சொல்லாமல் விடுவது (அழகு சிகிச்சையையும் எடைக் குறைப்பையும் பல பாலிசிகள் அடியோடு விலக்கியிருக்கும்), இதெல்லாம் நான் வாராவாரம் பார்ப்பது. நர்ஸிங் ஹோம்களில் ராத்திரி டியூட்டிக்கு வேறு மருத்துவ முறை படித்தவரை வைத்துக்கொண்டு ஃபார்மில் "தகுதியுள்ள டாக்டர்" என்று எழுதுகிறார்கள். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததே கவனக்குறைவு என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவியாளர்கள் யார், என்ன படித்தவர்கள் என்று கம்பெனி கேட்பது சும்மா இல்லை. நர்ஸிங் ஹோமுக்குத் தனி பாலிசி வேண்டும், அதன் கணக்கும் வேறு, படுக்கைகளும் வந்துபோகும் நோயாளிகளும் எத்தனை என்பதை வைத்துப் போடுவார்கள். வெளியிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் டாக்டருக்கு அந்த பாலிசி உதவும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதினால் நம் ஊரில் யாரும் தள்ளுபடி தரப்போவதில்லை. ஆனால் ஒரு கிளெய்ம் கொடுத்த டாக்டருக்கு மறுவருஷம் ரினியூவலில் கூடுதல் சுமை ஏற்றுவார்கள், சில கம்பெனி புதுப்பிக்கவே தயங்கும். 2008இல் டெல்லி வழக்கு ஒன்றில், நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனை) மட்டும் ஒப்புதல் கொடுத்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது அவர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்புதல் காகிதத்துக்கு நீங்கள் ஒதுக்கும் பத்து நிமிடம், நான் பேரம் பேசி வாங்கித் தரும் எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரியது.

போன மாதம் 71 வயது மகப்பேறு டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியை மூடிவிட்டேன், இனி பாலிசியை நிறுத்திவிடலாமா தம்பி என்று கேட்டார். கடைசிப் பிரசவம் எப்போது பார்த்தீர்கள் அம்மா என்றேன். டிசம்பரில் என்றார். புகார் கொடுக்கவே 2 வருஷம் அவகாசம் உண்டு, தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தையும் ஆணையம் மன்னிக்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு ஓடட்டும்" என்றார். பழைய ரெட்ரோ டேட் மாறாமல் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறேன்.