தொலைந்த காசும் பீத்தோவன் வைக்காத பெயரும்

பியானோ கற்க என்னிடம் வரும் மாணவன் ஒருவன், 'தொலைந்த காசுக்கான ஆத்திரம்' என்று அறியப்படும் பீத்தோவனின் உருப்படியைத் தானாகவே பழகிக்கொண்டு வந்து, முதல் சுரத்திலிருந்தே கட்டைகளைக் குத்தத் தொடங்கினான். தோள் முதல் மணிக்கட்டு வரை இறுகிக் கிடந்தது. காரணம் கேட்டதற்கு, "தலைப்பிலேயே ஆத்திரம் என்று போட்டிருக்கிறதே, மிஸ்" என்றான்.

அந்தத் தலைப்பு பீத்தோவன் வைத்ததன்று. அவர் தம் கையெழுத்துப் படியில் குறித்தது 'அல்லா இங்காரேசே, குவாசி உன் கப்ரிச்சோ'. ஹங்கேரியப் பாணியில், ஏறக்குறைய மனம்போன போக்கில் என்று பொருள் கொள்ளலாம். குரோஷன் என்னும் சில்லறைக் காசைத் தொலைத்த கதை அதே படியில் வேறொருவர் கையால் எழுதப்பட்டது. அவர் பீத்தோவனின் உதவியாளர் அன்டன் ஷிண்ட்லராக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. காது கேளாத பீத்தோவனோடு பேச மற்றவர்கள் எழுதிக் காட்டிய உரையாடல் குறிப்பேடுகளில் பிற்பாடு தாமாக வரிகளைச் சேர்த்தவர் என்பதால், அவர்மேல் ஐயம் எழுவதில் எனக்கு வியப்பில்லை.

ஓபஸ் 129 என்று இதற்குத் தரப்பட்ட படைப்பு வரிசை எண்ணும் ஏமாற்றும். முதுமைக்கால ஆழத்தை இதில் தேட வேண்டியதில்லை. 1795-க்கும் 1798-க்கும் இடையில், முப்பது வயதை எட்டாத இளைஞராக எழுதி, முடிக்காமலே விட்டுவைத்தது இது. 1827-இல் அவர் மறைந்தபின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, வியன்னாவின் பதிப்பாளர் டயபெல்லி இதை வாங்கி, இடது கைப் பகுதியில் வெறுமையாக இருந்த இடங்களை நிரப்பியதைச் சொல்லாமலேயே, 1828-இல் முழுமையான படைப்பைப்போல வெளியிட்டார். 1945-இல் மூலப்படி அமெரிக்காவில் கிடைத்த பிறகுதான் இந்த ஒட்டுவேலை வெளிப்பட்டது.

ஆகவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்பை அப்படியே அச்செடுக்காமல், 'ஊர்டெக்ஸ்ட்' எனப்படும் மூலபாடப் பதிப்பை வாங்கி, அதன் முன்னுரையையும் படித்துவிட்டுப் பழகுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆத்திரம் என்ற தலைப்பை நம்பியவர்களில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமனும் ஒருவர். ஆனால் காலிலிருந்து கழல மறுக்கும் காலணிமேல் வரும் தீங்கற்ற சினம் என்றே அவர் அதைச் சிரித்தபடி எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தலைப்பின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, மணிக்கட்டைத் தளர்த்தி, பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னேன். ஜி மேஜர் என்னும் சுர வரிசையில் துள்ளிய அதே மெட்டு, எதிர்பாராமல் இ மேஜர் என்னும் வேறொரு சுர வரிசையில் தலைகாட்டிய இடத்தில் பையன் சிரித்துவிட்டான்.