தபால்தலை அளவில் திறந்த காபிப் பூ

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால், அடுத்த எட்டுப் பத்து நாள்களில் ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துவிடும். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அந்தப் பூவைப் படமெடுப்பது லேசான காரியமன்று. இலைகளின் இடுக்கு வழியே வெயில் விழும் இதழ் கண்ணைக் கூசச் செய்யும். அதற்கு ஒரு சாண் கீழே இருக்கும் இலையோ ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற வேண்டுமானால், கேமராவின் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பதே வழி.

அப்படி எடுத்த படங்களைச் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் கணினியில் திறந்தபோது, 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் 160க்கு 120 புள்ளி அளவில், தபால்தலையைப் போலத் திரையின் நடுவில் வந்து நின்றது. மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய அவர், அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளுக்குப் பணம் கட்டவும் தயாராகிவிட்டார். உண்மையில் கார்டில் ஒரு குறையும் இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த, பழைய கேமரா ஒன்றுடன் வந்திருந்த குறுவட்டிலிருந்த மென்பொருளை அவர் முந்தைய நாள் கணினியில் நிறுவியிருந்தார்; வினை அங்கிருந்துதான் வந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதை அறிய, ரா கோப்பினுள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. விழும் ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். ஆகையால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டியைப் பதிக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. இதில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பிய பிறகே அது படமாகும். ஜேபெக் கோப்பில் இந்தக் கணக்கைக் கேமராவே முடித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளாகச் சுருக்கித் தந்துவிடுகிறது. ரா கோப்பிலோ 14 பிட் கேமராவாக இருந்தால் 16,384 படிநிலைகள் உண்டு. ஆனால் கணக்கு எதுவும் போடப்பட்டிருக்காது. ஏற்காட்டுக்காரரிடம் சொல்வதானால், ஜேபெக் என்பது சிக்கரி கலந்து அரைத்த தூள். ரா என்பது வறுக்காத பச்சைக் கொட்டை. எந்த அளவு வறுப்பது என்பது திறப்பவர் கையில் இருக்கிறது.

அந்த வறுக்கும் வேலையை, நண்பர் பயன்படுத்தும் ஃபோட்டோஷாப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் தானே செய்வதில்லை. செருகுநிரல் எனப்படும் பிளகினிடம் விட்டுவிடுகிறது. அடோபியின் கேமரா ரா 2003இல் முதன்முதலாக வெளிவந்தபோது, ஃபோட்டோஷாப் 7உடன் சேர்த்துக்கொள்ளத் தனியாக விலைக்கு விற்கப்பட்ட பிளகினாகத்தான் இருந்தது. கேமரா நிறுவனங்களும் தத்தம் கோப்புகளுக்கெனப் பிளகின்களைச் செய்து, தங்கள் மென்பொருளோடு சேர்த்தே அவற்றை நிறுவின. பூசலுக்கு வித்து இதுதான்.

ஃபோட்டோஷாப் தொடங்கும்போது தனக்குரிய கோப்புறைகளைத் துழாவி, அங்குள்ள ஒவ்வொரு பிளகினும் எந்த வேலைக்கு வந்தது, பெயரின் கடைசியில் எந்தப் பின்னொட்டு (என்இஎஃப் போன்ற எழுத்துகள்) கொண்ட கோப்புகளைப் படிக்கும் என்று அதனுள் பொதிந்துள்ள விவரக்குறிப்பிலிருந்து ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்கிறது. பின்னர் நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அந்தப் பட்டியலில் பொருந்துபவற்றிடம் “இது உன்னுடையதா?” என்று கேட்கிறது. ஆம் என்று பதில் சொல்லும் பிளகினிடம் கோப்பு போய்விடும். ஒரே பின்னொட்டுக்கு இருவர் உரிமை கொண்டாடினால், இருவரில் திறமைசாலி யார் என்று மென்பொருள் ஆராய்வதில்லை; யாருடைய முறை முதலில் வருகிறதோ அவரிடமே கொடுத்துவிடுகிறது. நண்பரின் கணினியில் முந்திக்கொண்ட பழைய பிளகின், அவருடைய புதிய கேமரா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. பின்னொட்டைப் பார்த்துத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டது. உள்ளே இருந்த எண்களின் குறியீட்டு முறை புரியாமல், புரிந்த ஒரே பகுதியான சிறு மாதிரிப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

அந்த மாதிரிப் படம் ரா கோப்புக்குள் இருப்பது கேமராவின் திரையில் விரைவாகக் காட்டுவதற்காக. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என்இஎஃப், ஏஆர்டபிள்யூ, சிஆர்2, டிஎன்ஜி ஆகிய ரா வடிவங்கள் வெவ்வேறு பெயர் பூண்டிருந்தாலும், அவற்றின் மேலுறை 1980களில் உருவான டிஃப் என்ற பழைய வடிவமே. கோப்பின் தொடக்கத்தில் ஐஐ அல்லது எம்எம் என்ற எழுத்து இணையும் அதையடுத்து 42 என்ற எண்ணும் இருந்தால் அது டிஃப் குடும்பம். ஆகவே ரா பிளகின் எதுவுமே வேலை செய்யாத நிலையில், சாதாரண டிஃப் படிப்பான்கூட அந்தக் கோப்பைத் தன்னுடையதாக எண்ணித் திறந்து, முதலில் கண்ணில் படும் மாதிரிப் படத்தைக் காட்டிவிடக்கூடும். கேனனின் பிற்காலத்துச் சிஆர்3 இந்தக் குடும்பத்திலிருந்து விலகி, எம்பி4 வீடியோவின் உறவினராகிவிட்டது.

தபால்தலைப் படம் ஓர் அறிகுறிதான். வெளிச்சத்தையும் வெண்மையையும் சரிசெய்யும் ரா சாளரம் வராமல் படம் நேரே திறந்தாலும், நேற்றுவரை ஒரு நிறத்தில் வந்த படங்கள் இன்று வேறு நிறத்தில் வந்தாலும் பிளகின்களுக்குள் பூசலோ என்ற சந்தேகம் எழ வேண்டும். குறிப்பாக நிறம் மாறும் வகை ஏமாற்றக்கூடியது. திரையைக் குறை சொல்லிக்கொண்டு பலர் பல நாள்களைக் கழிக்கிறார்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவத் தேவையில்லை. அப்படிச் செய்தாலும் பொதுக் கோப்புறையில் தங்கிவிடும் பிளகின்கள் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது பெரும்பாலும் வீண் வேலை. ஃபோட்டோஷாப் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், வெளியார் செய்த பிளகின்களை ஏற்றாமல் தொடங்கலாமா என்று அது கேட்கும். அந்த நிலையில் ரா கோப்பு ஒழுங்காகத் திறந்தால் வம்பு செய்வது வெளியாரே என்பது உறுதி. பிறகு ஒரு பிளகினின் பெயருக்கு முன்னால் ~ என்ற அலைக்குறியை இட்டுவிட்டால் ஃபோட்டோஷாப் அதைத் திரும்பிப் பார்க்காது. கோப்புறையின் பெயருக்கு முன் இட்டால் அதிலுள்ள அனைத்தையும் விட்டுவிடும். அழிப்பதைவிட இது நல்லது, ஏனெனில் அந்தக் குறியை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

பிளகின்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பாதியை அடைத்துச் சோதித்து, சிக்கல் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், 16 பிளகின்களுக்கு 4 சோதனைகள் போதும். பூசலுக்கு இரு தரப்பு வேண்டுமே, ஒரு தரப்பை அடைத்தால் கணக்குத் தவறாதா என்று கேட்கலாம். கேமரா ரா எப்போதும் திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தவறாது. தேடுவது எதிர்த்தரப்பை மட்டும்தான்.

பூசல்போலத் தோன்றினாலும் பூசல் அல்லாத ஒன்றும் இருக்கிறது. பின்னொட்டு ஒன்றே ஆனாலும் கேமராவின் மாடலுக்கு ஏற்ப உள்ளடக்கம் மாறும் என்பதால், பழைய கேமரா ராவுக்குப் புதிய கேமராவின் கோப்பு புரியாது. எந்தப் பிளகினை அடைத்தாலும் இதற்கு விடிவில்லை. கேமரா ராவைப் புதுப்பிக்க வேண்டும். கணினி அதற்கு இடந்தராவிட்டால், அடோபி இலவசமாகத் தரும் மாற்றி மென்பொருளைக் கொண்டு, 2004இல் அது அறிமுகப்படுத்திய டிஎன்ஜி வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நண்பரின் கணினியில் இத்தனையும் தேவைப்படவில்லை. ஒரே ஓர் அலைக்குறி இட்டதும் ரா சாளரம் வந்தது; வெளிச்சமான பகுதிக்குரிய குமிழைச் சற்று இடப்பக்கம் தள்ளியதும், வெறும் வெள்ளையாகக் கிடந்த இதழ்களில் மெல்லிய மடிப்புகள் தெரியத் தொடங்கின. பழைய கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களுக்கு வேண்டுமென்று அந்தப் பிளகினை அவர் இன்னும் வைத்திருக்கிறார், பெயருக்கு முன்னால் அந்தக் குறியோடு.