சொல் விளக்கம்: முறைப்பாடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்வீட்டு மாமி ஒருநாள் கிளினிக் போய் வந்து, மருந்துத் துண்டைக் கையில் வைத்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய இலக்கம் 14. சிங்களத்தில் கூப்பிட்டது விளங்கவில்லை. பிறகு வந்தவர்கள் எல்லாரும் மருந்தோடு போய்விட்டார்கள். தமிழில் கேட்டதற்கு, பாஷை தெரிந்த ஆளைக் கூட்டி வரும்படி அங்கிருந்த தாதி சொல்லியிருக்கிறார்.

"முறைப்பாடு ஒன்று எழுதுவம் மாமி" என்றேன்.

"வேண்டாம் தம்பி, அது கோள் சொல்லுற மாதிரி. அந்தப் பிள்ளையின்ர வேலை போயிடும்."

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

'முறை' என்றால் ஒழுங்கு, நீதி. அரசன் நீதி வழங்குவதைப் பழந்தமிழில் 'முறை செய்தல்' என்றார்கள். அநீதி நடந்தால் 'முறையோ!' என்று கூவினார்கள்; முறையிடுதல் என்ற வினையும் அந்த 'முறை'யிலிருந்துதான். 'பாடு' என்பது கட்டுப்பாடு, வெளிப்பாடு போன்ற சொற்களில் வரும் ஈறு. ஆக, முறைப்பாட்டின் வேர் நீதி. கோளை ஆளுக்குப் பின்னால், யார் காதிலும் சொல்லலாம். முறைப்பாட்டைப் பதில் சொல்லும் கடமை உள்ளவரிடம், பெயர் போட்டுக் கொடுக்கிறோம். மாமிக்கும் இதைத்தான் சொன்னேன்.

தமிழ்நாட்டில் இதே இடத்தில் 'புகார்' வரும். அது உருதுவிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் கூவி அழைத்தல் என்று பொருள். காவிரி கடலில் கலக்கும் புகார் வேறு சொல். கொழும்பில் பேச்சில் 'கொம்ப்ளெயின்ட்' என்போம், எழுத்தில் முறைப்பாடு. நல்ல சொல் நம் கையிலேயே இருக்கிறது.

சரி, எதைப் பற்றி முறைப்பாடு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பக்கச்சார்பு வேறு, பாகுபாடு வேறு. பக்கச்சார்பு மனதின் சாய்வு. 'பாரபட்சம்' என்பதில் உள்ள பட்சமும் பக்கம்தான், வடமொழிச் சொல். பாகுபாடு அந்தச் சாய்வு செயலாக வெளியே வருவது. பகுத்தல் என்ற வினைதான் அதன் அடி: ஆளை ஆளாகப் பார்க்காமல் பிரித்து வைத்து நடத்துவது. இலங்கைச் சட்டத் தமிழில் 'ஓரங்காட்டல்' என்றும் ஒரு சொல் உண்டு. வழக்கில் ஒருதலையாகப் பேசுவதை 'ஓரம் சொல்லுதல்' என்ற பழைய வழக்கு அதற்குள் இருப்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இந்த வேறுபாடு கடிதம் எழுதும்போது உதவும். 'அந்த மிஸ்ஸுக்கு (தாதிக்கு) தமிழரைப் பிடிக்காது' என்று எழுதினால் அது மனதைப் பற்றிய ஊகம், மறுப்பது சுலபம். திகதி, நேரம், வாட்டு இலக்கம், சொன்ன வார்த்தை சொன்னபடியே, யார் பக்கத்தில் நின்றார்கள், எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள்: இவை செயல். காரணத்தை அதற்குப் பிறகு எழுதலாம். இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். கொழும்பில் அரச ஆஸ்பத்திரிக்குத் தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குக் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். அது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை, ஆகவே ஆறப்போட வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் வழி வேறு: 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பதிந்து கண்காணிக்கும் சபை இருக்கிறது.

இன்னொரு சொல், 'சம்பவ அறிக்கை'. பாகுபாட்டைக் கண்ட தாதியோ சிற்றூழியரோ தன் மேலதிகாரிக்கு எழுதுவது அது. நோயாளி எழுதுவது முறைப்பாடு. இரண்டையும் கலக்கக் கூடாது.

மாமியின் கடிதம் ஒரு பக்கம் வந்தது. நான் எழுத எழுத, 'அந்தப் பிள்ளை' என்று எழுதச் சொல்லி இரண்டு தரம் திருத்தினார். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்துவிட்டு, தமிழில் கையெழுத்து வைத்தார்.