புது கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் கேம் ஏன் திக்குகிறது?

கல்லூரி மாணவர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "என் பிசியில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, நண்பனின் பிளேஸ்டேஷன் 5-ஐ விட எல்லா விதத்திலும் பெரியது. ஒரே கேமை இரண்டிலும் ஆடிப் பார்த்தோம். அவனிடம் சீராக ஓடுகிறது. என்னிடம் புது இடத்துக்குள் நுழையும்போதும், முதல் தடவை ஏதாவது வெடிக்கும்போதும் சட்டென்று ஒரு நொடி நின்று ஓடுகிறது. அதே இடத்துக்கு மறுபடி போனால் ஒன்றுமே இல்லை. கார்டில் ஏதாவது கோளாறா?"

கார்டில் கோளாறு இல்லை. அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு விவரத்திலேயே விடை இருக்கிறது. "மறுபடி போனால் ஒன்றுமே இல்லை" என்கிறார். சக்தி போதாமல் வரும் தடுமாற்றம் என்றால் இரண்டாம் தடவையும் வந்தாக வேண்டும். முதல் தடவை மட்டும் வருகிறது என்றால், முதல் தடவை மட்டும் செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலை அங்கே இருக்கிறது.

அது என்ன வேலை என்று பார்க்கும் முன், கன்சோலும் (பிளேஸ்டேஷன் போன்ற, கேமுக்கென்றே உள்ள கருவி) பிசியும் உள்ளே எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் செல் என்ற தனி ரக ப்ராசசர் இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ஸென் 2 வகை எட்டு கோர் சிபியுவும் (பொது வேலைகளுக்கான ப்ராசசர்), ஆர்டிஎன்ஏ 2 குடும்பத்து ஜிபியுவும் (படம் வரையும் சில்லு). அதே மாதம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் அதே குடும்பம்தான். இதே வம்சத்துச் சில்லுகள் பிசிக்கும் கிடைக்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இன் கணக்கு வேகம் 10.28 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடிக் கணக்குகள்), எக்ஸ்பாக்ஸுடையது 12.15. இதை மிஞ்சும் கார்டுகள் பிசியில் தாராளமாக உண்டு.

நினைவகத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் பொதுவாக ஒரே 16 ஜிபி. நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவு போய்வரும். பிசியில் சிபியுவுக்கு ஒரு நினைவகம், கார்டுக்குள் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பிசிஐஇ 4.0 பாதையில் ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான் போகும். சேமிப்பகத்திலிருந்து வரும் தரவைச் சுருக்கம் பிரிக்கவும் கன்சோலில் தனிச் சுற்று இருக்கிறது. அந்த வேலையைச் சிபியுவிடம் கொடுத்தால் ஸென் 2 கோர்கள் ஒன்பது தேவைப்படும் என்று அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் விளக்கினார். இவையெல்லாம் முக்கியமானவைதான். ஆனால் மாணவர் சொன்ன திக்கலுக்கு இவை காரணமில்லை.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. எங்கோ ஒரு வேலை 100 மில்லி நொடி இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் மிச்சமிருக்கும் 900 மில்லி நொடியில் 54 ஃபிரேம் வரும். இழுத்த ஃபிரேமையும் சேர்த்தால் 55. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரையின் மூலையில் காட்டும் எஃப்பிஎஸ் எண் 55 என்று இருக்கும். பார்த்தால் நல்ல எண்தான். ஆனால் ஆறு ஃபிரேம் நேரத்துக்குப் படம் உறைந்து நின்றதைக் கண் விடாமல் பிடித்துவிடும். அதனால்தான் சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

இப்போது அந்த இழுக்கும் வேலைக்கு வருவோம். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 தடவை என்றால் கிட்டத்தட்ட 50 கோடிப் புள்ளிகளுக்கு என்ன நிறம் என்று ஒவ்வொரு நொடியும் முடிவு செய்தாக வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பரப்பு ஈரமா உலோகமா, நிழல் விழுகிறதா என்றெல்லாம் பார்த்து அந்த நிறத்தைக் கணக்கிடும் சின்ன நிரலுக்குத்தான் ஷேடர் என்று பெயர். சி மொழியின் சாயலில் இருக்கும் ஹெச்எல்எஸ்எல் போன்ற மொழிகளில் இதை எழுதுகிறார்கள். ஜிபியுவுக்கு அந்த மொழி புரியாது. அதன் சொந்த இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். கம்பைல் செய்வது என்பது இதைத்தான்.

சிபியுவில் இந்தச் சிக்கல் இல்லை. இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே இயந்திர மொழியைப் பேசுவதால், கேம் நிறுவனம் ஒரே தடவை கம்பைல் செய்து அனுப்பினால் போதும். ஜிபியுவில் அப்படி ஒரு பொது மொழியே கிடையாது. என்விடியாவுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று, இன்டெல்லுக்கு ஒன்று. ஒரே நிறுவனத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே பிசி கேம் தயாரிப்பவர்கள் ஷேடரைப் பாதி வழி மட்டுமே கொண்டுவந்து, இடைநிலை வடிவில் அனுப்புகிறார்கள். மீதிப் பாதியை உங்கள் பிசியில் இருக்கும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், முடிக்கிறது. துணியை வெட்டி அனுப்பிவிட்டு, போட்டுக்கொள்பவரின் உடம்பைப் பார்த்த பிறகு தைப்பது மாதிரி. தையல் மிஷின் உங்கள் பிசிக்குள் இருக்கிறது, அதுவும் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓடுகிறது.

இந்தத் தையலுக்கு ஏன் இவ்வளவு நேரம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜிபியு ஒரு புள்ளியை மட்டும் கணக்கிடாது. ஆர்டிஎன்ஏ 2 கார்டை எடுத்துக்கொண்டால், 32 புள்ளிகளை ஒரு கும்பலாகச் சேர்த்து ஒரே கட்டளையில் நடத்தும். ஒரு கும்பல் நினைவகத்திலிருந்து ஏதாவது கேட்டுவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் பல நூறு கடிகாரச் சுழற்சிகள் வீணாகும். அந்த நேரத்தில் ஜிபியு சும்மா இருக்காமல் அடுத்த கும்பலை எடுத்து ஓட்டும். இப்படி ஒரு கணக்கு அலகில் 16 கும்பல்கள் வரை தயார் நிலையில் நிற்கலாம். ஆனால் எல்லாக் கும்பல்களுக்கும் சேர்த்து அங்கே இருப்பது 1024 ரெஜிஸ்டர்கள்தான். ரெஜிஸ்டர் என்பது கணக்கு நடக்கும்போது எண்களைக் கையோடு வைத்துக்கொள்ளும் இடம். ஒரு ஷேடர் 64 ரெஜிஸ்டருக்குள் முடித்துக்கொண்டால் 16 கும்பலும் நிற்க இடமுண்டு. 128 கேட்டால் எட்டுக் கும்பல்தான் நிற்க முடியும். காத்திருப்பை மறைக்க ஆள் பாதியாகிவிடும்.

எனவே கம்பைலர் ரெஜிஸ்டர்களை மிகச் சிக்கனமாகப் பங்கிட வேண்டும். எப்படி? நிரலில் வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் காகிதத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எந்த இரண்டு மதிப்புகள் ஒரே சமயத்தில் தேவைப்படுகின்றனவோ, அவற்றுக்கிடையே ஒரு கோடு போடுங்கள். அவை இரண்டும் ஒரே ரெஜிஸ்டரில் இருக்க முடியாது. இப்போது கோட்டால் இணைந்த எந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரே நிறம் வராமல் எல்லாப் புள்ளிகளுக்கும் நிறம் தீட்டுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு ரெஜிஸ்டர். எவ்வளவு குறைவான நிறத்தில் முடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் அதே பழைய புதிர்! ஐபிஎம்மில் கிரெகரி சைட்டினும் சகாக்களும் 1981இல் இந்த வழியை வெளியிட்டார்கள். பொதுவாக இந்தப் புதிருக்கு மிகக் குறைந்த நிற எண்ணிக்கையை விரைவாகவும் துல்லியமாகவும் கண்டுபிடிக்கும் வழி இன்றுவரை தெரியாது. கம்பைலர்கள் நல்ல யூகங்களை வைத்து ஓட்டுகின்றன. நிறம் போதவில்லை என்றால் ஒரு மதிப்பை நினைவகத்துக்குத் தள்ள வேண்டும், அல்லது மறுபடி கணக்கிட வேண்டும். அப்புறம் முழுப் படத்தையும் திருப்பித் தீட்ட வேண்டும். வெடிச்சத்தம் கேட்ட அந்தக் கணத்தில் உங்கள் சிபியு உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருப்பது இந்த வரைபடத்தைத்தான். எனக்கு இது எத்தனை தடவை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

ஒரே ஒரு ஷேடர் என்றால் பரவாயில்லை. மழையில் நனைந்த கல்சுவரில் முதல் குண்டு படுகிறது என்று வையுங்கள். ஈரமான கல், தீப்பொறி, அதன் வெளிச்சம், புகையின் ஒளி ஊடுருவும் தன்மை, நிழல் உண்டா இல்லையா என எல்லாம் சேர்ந்த கலவைக்கு ஒரு தனி ஷேடர் வேண்டும். ஒரு பரப்புக்கு 'உண்டு, இல்லை' என்று 15 தேர்வுகள் இருந்தால் கலவைகள் 32,768. இதில் எவை உண்மையில் திரையில் வரும் என்பது ஆடுபவர் எங்கே போகிறார், எதைச் சுடுகிறார் என்பதைப் பொறுத்தது. கேமுக்கும் டிரைவருக்கும் இடையிலான பேச்சு முறைகளான, 2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-உம் 2016இல் வந்த வல்கனும், இந்த ஒவ்வொரு கலவையையும் முழுசாக முன்கூட்டியே சொல் என்று கேமிடம் கேட்கின்றன. அதிர்ச்சிகளைத் தவிர்ப்பதுதான் நோக்கம். ஆனால் கலவைகளின் பட்டியல் முழுமையாக இல்லாத கேம், கடைசி நிமிடத்தில் புதுக் கலவையோடு வந்து நிற்கிறது. படம் உறைகிறது. தைத்து முடித்ததும் டிரைவர் அதைச் சேமிப்பகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஷேடர் கேஷ் என்பது இதைத்தான். அதனால்தான் இரண்டாம் தடவை திக்கல் இல்லை.

கன்சோலில் ஜிபியு எது என்று முன்பே தெரியும். ஒரே தொடரில் இரண்டு மூன்று வகை இருந்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே கேம் நிறுவனம் தன் அலுவலகத்திலேயே, எவ்வளவு நேரமானாலும் சரி என்று கடைசி இயந்திர மொழி வரை கம்பைல் செய்து, அதையே தட்டிலும் பதிவிறக்கத்திலும் தருகிறது. ஆடும்போது கம்பைலருக்கு வேலையே இல்லை. கன்சோலிலும் தடுமாற்றங்கள் உண்டு. புது நிலப்பரப்பை ஏற்றும்போதோ சிபியு திணறும்போதோ வரும். இந்த வகை மட்டும் வராது.

இதற்குக் கன்சோல் ஒரு விலை கொடுக்கிறது. கேமுக்குள் இருப்பது ஒரு குறிப்பிட்ட சில்லின் மொழி. அடுத்த தலைமுறைச் சில்லு அந்த மொழியைப் பேசாவிட்டால் பழைய கேம்கள் ஊமையாகிவிடும். பிளேஸ்டேஷன் 3 தட்டுகள் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடாமல் போனது செல் ப்ராசசர் மாறியதால். பிளேஸ்டேஷன் 4 கேம்கள் 5-இல் ஓடவேண்டும் என்பதற்காகப் பழைய ஜிபியுவின் நடத்தையைப் புது ஜிபியுவுக்குள் வேண்டுமென்றே சேர்த்தார்கள். பிசியிலோ 2004இல் வந்த கேமின் ஷேடரை, அப்போது யாரும் கற்பனைகூடச் செய்திராத இன்றைய கார்டுக்கு ஏற்ப டிரைவர் தைத்துக் கொடுத்துவிடுகிறது. திக்கலுக்குக் காரணமான அதே ஏற்பாடுதான் பிசி கேம்களுக்கு இவ்வளவு ஆயுளையும் தருகிறது. பழைய கேம்களை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு நான் பிசியைத்தான் சொல்வேன். உட்கார்ந்ததும் ஆட வேண்டும், எதையும் நோண்டக்கூடாது என்பவர்களுக்குக் கன்சோல்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். வேகம் கூட்டும் மென்பொருள்கள், 'குப்பையை' அழிக்கும் கருவிகள் என்று பலரும் பிசியில் வாராவாரம் ஒரு சடங்கு நடத்துகிறார்கள். விண்டோஸின் வட்டு சுத்தம் செய்யும் பட்டியலில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்று ஒரு வரி இருக்கும். அதையும் டிக் செய்து அழித்துவிட்டு, கேம் முன்பைவிட அதிகம் திக்குகிறது என்று வருந்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் அழித்தது குப்பையை அல்ல, தைத்து வைத்த துணி அத்தனையையும். கேஷ் பழுதாகியிருந்தால் அழிக்கலாம், மற்றபடி தொடாதீர்கள். டிரைவரைப் புதுப்பித்தால் கம்பைலரும் மாறுவதால் பழைய கேஷ் பெரும்பாலும் செல்லாமல் போகும். அதன்பின் கேமைத் திறந்ததும் ஷேடர்களைத் தயாரிக்கிறேன் என்று ஒரு திரை வந்தால், அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைரக்ட்எக்ஸ் 12-இன் இடைநிலை வடிவம் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. அது 2000ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வேயும் கிறிஸ் லாட்னரும் தொடங்கிய ஆராய்ச்சி. கேமுக்காக யாரும் அதைத் தொடங்கவில்லை. இதனால் உடனே என்ன லாபம் என்று கேட்டே பல்கலைக்கழக ஆராய்ச்சிகளுக்கு நிதியைக் குறைக்கும் வழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. நிறம் தீட்டும் புதிரில் யாரோ செலவிட்ட வருடங்கள்தான் இன்று கோடிக்கணக்கான திரைகளில் ஓடுகின்றன.

திக்கலுக்குத் தீர்வு வராமல் இல்லை. 2019இல், ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், லினக்ஸில் ஏஎம்டி கார்டுகளுக்காக ஏசிஓ என்ற புதுக் கம்பைலரை வெளியிட்டது. எல்எல்விஎம்மை விட வேகமாகத் தைத்து முடிப்பதுதான் அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2022இல் வந்த அவர்களின் ஸ்டீம் டெக் உண்மையில் ஒரு கையடக்க பிசி. ஆனால் எல்லா ஸ்டீம் டெக்கிலும் ஒரே ரக ஜிபியு என்பதால், தைத்து முடித்த ஷேடர்களைக் கேமோடு சேர்த்தே இறக்கிக் கொடுக்க முடிந்தது. 2025இல் மைக்ரோசாஃப்ட்டும் இதே யோசனையை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. கேம் தயாரிப்பவர் கலவைகளின் பட்டியலைத் தர, கம்பைல் வேறெங்கோ நடந்து, முடிந்த ஷேடர்கள் பதிவிறக்கத்தோடு வரும். முதலில் கையடக்கக் கருவிகளில்தான் தொடங்கியிருக்கிறார்கள். மேசை பிசிக்கு வரும்போது ஒவ்வொரு கலவையையும் ஒவ்வொரு ஜிபியு வகையாலும், அதன் ஒவ்வொரு டிரைவர் பதிப்பாலும் பெருக்க வேண்டியிருக்கும்.