நாடிர் என்றால் நாடி அல்ல

"நாடிர் இன்னும் வரலை, பொறுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னது அப்பாவின் காதில் 'நாடி' என்று விழுந்துவிட்டது. வீடு வரும்வரை மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அவர் புரோட்டான் கதிர்வீச்சு எடுத்து முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பயந்துபோயிருக்கும் ஒருவரிடம் இப்படி ஒரு சொல்லை விளக்காமல் விடக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாடிர் அரபு வானியலிலிருந்து வந்த சொல். தலைக்கு நேர் மேலே வானத்தில் இருக்கும் புள்ளியை அரபியர் 'தலைக்கு மேலான வழி' என்றார்கள். அதற்கு நேர் எதிரே, காலுக்குக் கீழே பூமியைத் துளைத்துப் போனால் வரும் புள்ளி 'நழீர்', அதாவது எதிரானது. லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பிறகு அதற்கு 'ஆகத் தாழ்ந்த நிலை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. நாமும் வானத்தைத் தலையை வைத்துத்தான் அளந்திருக்கிறோம். உச்சந்தலையும் உச்சி, உச்சி வெயிலும் உச்சி. 'உச்சி முதல் உள்ளங்கால் வரை' என்று சொல்லும்போது கிட்டத்தட்ட இந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டுவிடுகிறோம்.

மருத்துவத்தில் நாடிர் என்பது ஓர் அளவு இறங்கி இறங்கித் தொடும் ஆகக் குறைந்த எண். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் தொடும் நாடிர் கவலைக்குரியது, தொற்று எளிதில் வரும் நேரம் அது. புரோஸ்டேட் கதிர்வீச்சுக்குப் பிறகு பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அளப்பார்கள்) தொடும் நாடிரோ எவ்வளவு தாழ்ந்தால் அவ்வளவு நல்லது.

அது ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? புரோட்டான் கற்றை, உடலுக்குள் தான் நிற்கப்போகும் ஆழத்துக்குச் சற்று முன்னால்தான் ஆற்றலை மிக அதிகமாக இறக்குகிறது. இதற்கு ப்ராக் சிகரம் என்று பெயர். ஆனால் கதிர் பட்டவுடனே செல் செத்துவிடுவதில்லை. டிஎன்ஏ சிதைந்த செல், பிறகு பிளக்க முயலும்போதுதான் மடிகிறது. அதனால் பிஎஸ்ஏ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், மெல்ல மெல்ல இறங்கும். அறுவை சிகிச்சையில் சுரப்பியையே எடுத்துவிடுவதால் எண் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். இங்கே சுரப்பி உள்ளேயே இருப்பதால் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்: சிகிச்சைக்கு முன் 8.4, அப்புறம் 3.1, 1.9, 1.1. பதினெட்டாம் மாதம் 1.6. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த முறை 0.7. இடையில் இப்படி ஏறிவிட்டுத் தானாகவே இறங்குவதைத் துள்ளல் என்கிறார்கள். பலருக்கும் வருவதுதான், ஆனால் முதல் முறை பார்க்கும்போது நெஞ்சு பதறும்.

1996-இல் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர்கள், அடுத்தடுத்து மூன்று முறை ஏறினால் நோய் திரும்பியதாகக் கொள்ளலாம் என்று வரையறுத்தார்கள். 2005-இல் ஃபீனிக்ஸ் நகரில் கூடி அதை மாற்றினார்கள்: நாடிருக்கு மேல் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் ஏறினால்தான் அப்படிக் கொள்வது. நாடிர் 0.4 என்றால் எல்லை 2.4. இந்த நாடிரை வைத்துத்தான் பின்கண்காணிப்பு முழுவதும் நடக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சோதிடத்தில் உச்சத்துக்கு எதிர் நீசம். ஆனால் அதில் இழிவின் வாடை அடிக்கிறது, நல்ல செய்தியைச் சொல்ல உதவாது. 'அடிநிலை' என்றால் சிகிச்சைக்கு முன்பு எடுத்த அடிப்படை அளவோ என்ற குழப்பம் வரும். எழுத்துக்குத் 'தாழ்புள்ளி' பொருந்துகிறது. இறங்கி வந்த ஒரு கோடு திரும்பும் இடம் என்பது அதிலேயே தெரிகிறது. நேரில் பேசும்போது 'இதுவரை ஆகக் குறைந்த அளவு' என்றாலே போதும். அந்த 'இதுவரை' கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தாழ்புள்ளியைத் தொட்ட அன்றே அதுதான் தாழ்புள்ளி என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த சோதனைகள் வந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு 0.4 வந்தது. அப்பா அதன் பக்கத்தில் 'இதுவரை' என்று மட்டும் எழுதி, கீழே அடுத்த தேதிக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்.