புடவைத் திரை சுவர் ஆகுமா?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் டு-லெட் பலகை தொங்குகிறது. ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், வீடு கேட்டு மனுவோடு நிற்கிற கூட்டம் குறைவதே இல்லை. வேலூரில் வீடு இருக்கிறதா, இல்லையா?"

நாடு முழுக்க இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த வருடமே மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று, நகரங்களில் 1 கோடியே 87.8 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று அறிக்கை கொடுத்தது. இரண்டுமே சரியான எண்கள். பற்றாக்குறையில் 100-க்கு 95-க்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் உரியது. பலகை தொங்கும் வீட்டின் அட்வான்ஸ் அவர்கள் கைக்கு எட்டாது.

வீட்டுத் திட்டம் நடக்கிற வழி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சி வார்டு வார்டாகத் தேவையைக் கணக்கெடுக்கும். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று நகர் ஊரமைப்புத் துறை சொல்லும். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு அடுக்குமாடி கட்டும். பட்டா வைத்திருப்பவர் தானே கட்டிக்கொண்டால், 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சமும் மாநில அரசு 60 ஆயிரமும் தந்தன. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தை ஏழைகளுக்கான மனைகளாக விட வேண்டும் என்கின்றன 2019 கட்டட விதிகள். சரி, இதெல்லாம் அடுத்த படி. முதல் படியில் இல்லாத வீட்டை எண்ண வேண்டும். அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அந்தத் தொழில்நுட்பக் குழுவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீடே இல்லாத குடும்பங்கள் 5.3 லட்சம். மண், ஓலை போன்றவற்றால் ஆன, மராமத்துக்கும் தேறாத கச்சா வீடுகள் 9.9 லட்சம். பழசாகிக் காலம் முடிந்த வீடுகள் 22.7 லட்சம். மூன்றையும் கூட்டினால் 37.9 லட்சம்தான் வருகிறது. பாக்கி 1 கோடியே 49.9 லட்சம் எங்கே? நல்ல சுவரும் நல்ல கூரையும் உள்ள வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

வேலூர் கொசப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, நடையை ஒட்டி அடுப்படி. அப்பா, அம்மா, கல்யாணமான பெரிய பையன், மருமகள், கைக்குழந்தை, படிக்கிற சின்னப் பையன். அறையின் குறுக்கே நைலான் கயிறு கட்டி அதில் ஒரு பழைய பச்சைப் புடவையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ராத்திரி ஆனதும் புடவையை இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் பெரிய பையன் குடும்பம். சித்திரை வைகாசியில் அப்பாவும் சின்னவனும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். தெருவிலிருந்து பார்த்தால் அது தளம் போட்ட, வெள்ளையடித்த வீடு. யாரும் அதைப் பற்றாக்குறை என்று சொல்ல மாட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் சொல்வார். 2011-ல் வீட்டுப் பட்டியலுக்காகக் கேட்ட கேள்விகள் 35. அதில் இரண்டு கேள்விகள் இந்த வேலையைச் செய்கின்றன: வசிக்கும் அறைகள் எத்தனை, மணமான தம்பதிகள் எத்தனை ஜோடி. அறை என்றால் என்ன என்பதற்கும் அளவு உண்டு. சுவரும் வாசலும் கூரையும் இருக்க வேண்டும், குறைந்தது 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். அடுப்படி, குளியலறை, தாழ்வாரம் சேராது. புடவைத் திரை சுவர் ஆகாது. ஆக கொசப்பேட்டை வீட்டுக்கு அறை 1, தம்பதி 2. தனி அறை இல்லாத தம்பதி ஒரு ஜோடி, எனவே இந்த நகரத்துக்கு ஒரு வீடு குறைகிறது. ஒரு கழித்தல் கணக்கில், யாரும் மனு எழுதாத ஒரு தேவை காகிதத்துக்கு வந்துவிடுகிறது!

100 வீடு குறைந்தால் கிட்டத்தட்ட 80 இப்படி ஒளிந்திருப்பவை. இது தெரிந்தால் திட்டமே மாறும். வேலூருக்கு ஒரு பக்கம் பாலாறு, இன்னொரு பக்கம் மலைகள். மலிவான நிலம் தேடினால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். அங்கே வீடு கொடுத்தால், மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை தூக்குகிறவர் எந்த பஸ்ஸில் வருவார்? கொசப்பேட்டை வீட்டுக்கு வேண்டியது மாடியில் ஓர் அறையும் ஒரு படிக்கட்டும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அதற்கும் வழி இருந்தது. இருக்கிற வீட்டோடு குறைந்தது 9 சதுர மீட்டர், அதாவது சுமார் 97 சதுர அடி, சேர்த்துக் கட்டினால் மானியம் உண்டு. தடையாக நிற்பது பெரும்பாலும் பட்டா. தாத்தா பெயரிலேயே கிடக்கும், அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கதை வேறு. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடுகிறார்கள், பலகைகூட வங்க எழுத்தில் இருக்கும். வீடாக இருந்தது லாட்ஜ் ஆனதும் பட்டியலில் வேறு பிரிவுக்குப் போய்விடும். அதையும் கழித்துப் பார்க்காத திட்டம் தப்புக் கணக்காகத்தான் முடியும்.

    

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் நின்று 2027-க்குப் போய்விட்டது. 2011-ல் பள்ளிக்கூடம் போன பையன்கள் இன்று கல்யாணமாகி அதே அறையில் திரை கட்டியிருக்கிறார்கள். கட்டடத்துக்குக் கோடிகள் ஒதுக்குகிற நாம், எண்ணிப் பார்ப்பதற்குச் செலவழிக்கத் தயங்குவது எனக்குப் பொறுக்கவே இல்லை. கணக்கெடுப்பாளர் வந்து அறை எத்தனை என்று கேட்கும்போது, கௌரவத்துக்காகச் சிலர் "ரெண்டு" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒன்று என்றால் ஒன்று என்றே சொல்லுங்கள்.