பெட்ரோமாக்ஸும் மணவாளக்குறிச்சி மணலும்

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பித்தளைத் தொட்டியை. புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் வைத்தால் பளபளவென்று எடுப்பாகத்தான் இருக்கும். எனக்கென்னவோ அதன் சூட்சுமமெல்லாம் உள்ளே தொங்கும் மேண்டில் என்ற சின்னத் துணிப்பையில்தான் என்று தோன்றும்.

பம்பை அடித்தால் தொட்டிக்குள் காற்று அழுந்தி, மண்ணெண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளும். அந்தக் குழாய் சுடரை ஒட்டிப் போவதால் எண்ணெய் ஆவியாகி, ஊசித்துளையில் சீறிவந்து, காற்றோடு கலந்து எரியும். 'உஸ்' சத்தம் அதனுடையதுதான். முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவது குழாயைச் சூடேற்ற. அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் பீறிட்டு, தீயும் கரியுமாகிவிடும்.

இப்படி எரிவது நீலச் சுடர். சூடு நிறைய, வெளிச்சம் சொற்பம். சூட்டை வெளிச்சமாக்குவது மேண்டில். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885-இல் காப்புரிமை பெற்ற மேண்டில் பச்சையாக ஒளிர்ந்தது, விலைபோகவில்லை. 1891-இல்தான் சரியான கலவை பிடிபட்டது: 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை அதிகம் இழக்கவும் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவது அந்தத் துளி சீரியம். அதிகம் சேர்த்தால் மேண்டிலின் சூடு இறங்கி, வெளிச்சமும் மங்கிவிடும்.

துணிப்பையின் நூல் முதல்முறை கொளுத்தும்போதே எரிந்துபோகும். மிஞ்சுவது ஆக்சைடுக் கூடு. விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும்.

ஐரோப்பாவில் தோரியத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில், 1909-இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தோரியம் தரும் கனிமம் அது. மணலின் ஊரைத் தேடி அவர் வந்து சேர்ந்தது, இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக்கு. அருமணல் ஆலை இன்றும் அங்கே இருக்கிறது.

தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் ஆல்ஃபா கதிர்களை ஒரு தாளே தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குள் மேண்டில் தொங்கும் விளக்கு அலமாரியில் இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். தூள் மூச்சில் போகக்கூடாது, அவ்வளவுதான். பழைய மேண்டில் உதிர்ந்திருந்தால் வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பம்பு காற்றுப் பிடிக்கவில்லையா? பெரும்பாலும் உள்ளிருக்கும் தோல் வாசர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.